ஈரச்சட்டை டார்சியா, மழை டார்சியா? 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' ரசிகர்களின் சண்டை ஏன் ஓயவே இல்லை?

உலகத்தில் சில சண்டைகளுக்கு முடிவே கிடையாது. சாம்பாரில் வெல்லம் போடலாமா, கூடாதா என்பது அதில் ஒன்று. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' கதையில் எந்த டார்சி உசத்தி என்பது இன்னொன்று!

ஜேன் ஆஸ்டின் எழுதிய இந்த நாவல் 1813-ம் ஆண்டு ஜனவரி 28-ம் தேதி வெளியானது. அதன் பிறகு எத்தனையோ முறை படமாகவும் தொடராகவும் வந்துவிட்டது. ஆனால், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இரண்டே இரண்டு வடிவங்களுக்காகத்தான். ஒன்று, 1995-ல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பாகத் தொடர். மற்றொன்று, 2005-ல் வந்த இரண்டு மணி நேரத் திரைப்படம்.

தொடர் கட்சிக்காரர்களிடம் கேட்டால், குளத்தில் குதித்து நீந்திவிட்டு ஈரச்சட்டையோடு நடந்துவரும் கோலின் ஃபிர்த்தைப் பற்றிப் பேசுவார்கள். படத்தின் கட்சிக்காரர்களோ, கதாநாயகியைக் கைபிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பி நடக்கும்போது விரல்களை ஒருமுறை விரித்து மடக்கும் மேத்யூ மெக்ஃபேடியனைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கை ஷாட் சில விநாடிதான். அதற்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குளம், கை இரண்டுமே நாவலில் கிடையாது!

இதை ஹீரோ சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இது கல்யாணத்தைப் பற்றிய சண்டை. பணத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்பவரை மன்னிக்கலாமா? மகள்களைத் தள்ளிவிடத் துடிக்கும் அம்மாவை வெறுக்கலாமா? வீட்டைவிட்டு ஓடிப்போன பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாமா? இரண்டு வடிவங்களும் இந்தக் கேள்விகளுக்கு வேறு வேறு பதில் சொல்கின்றன. ரசிகர்கள் பிரிவதும் அங்கேதான்.

கதை தெரியாதவர்களுக்காக...

200 வருடத்துக்கும் மேல் பழைய கதை என்பதால், ஸ்பாய்லர் அலர்ட் எல்லாம் கிடையாது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வாழும் பென்னட் தம்பதிக்கு ஐந்து பெண்கள். ஜேன், எலிசபெத், மேரி, கிட்டி, லிடியா. ஆண்பிள்ளை இல்லை. அப்பா இறந்துவிட்டால் வீடும் நிலமும் தூரத்து உறவினரான காலின்ஸ் என்ற பாதிரியாருக்குப் போய்விடும்.

அந்த ஊருக்குப் பணக்கார இளைஞன் பிங்லி குடிவருகிறான். கூடவே அவனைவிடப் பெரிய பணக்காரனான நண்பன் டார்சி. நடன விருந்தில், 'மயங்கும் அளவுக்கு அவள் ஒன்றும் அழகில்லை' என்று எலிசபெத்தைப் பற்றி டார்சி சொல்வது அவள் காதிலேயே விழுகிறது. அவன் கர்வம் பிடித்தவன் என்று அவள் அன்றே முடிவு கட்டிவிடுகிறாள். அந்தக் கர்வமும் இந்த முன்முடிவும் எப்படிக் கரைந்தன என்பதுதான் கதை.

சண்டை 1: கர்வமா, கூச்சமா?

1995 தொடரின் திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ் எழுதியது. அதில் கோலின் ஃபிர்த்தின் டார்சி விறைப்பாக நிற்பார், ஜன்னல் வழியாக வெறித்துப் பார்ப்பார், யாரையும் மதிக்க மாட்டார். பார்த்தவுடனே நமக்கும் கோபம் வரும். 'இதுதான் டார்சி. கர்வம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே அது உடைவதை ரசிக்க முடியும்?' என்பது இந்தக் கட்சியின் வாதம். நாவல் பெரும்பாலும் எலிசபெத்தின் பார்வையிலேயே நகரும். டேவிஸோ டார்சி தனியாக இருக்கும் நேரங்களையும் காட்டினார். வாள் பயிற்சி, குளியல், லண்டன் தெருக்களில் ஓடிப்போன ஜோடியைத் தேடி அலைவது என அவன் மனப் போராட்டம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. குளத்துக் காட்சியும் அந்த வரிசையில் சேர்த்ததுதான்.

2005 படத்தை இயக்கியவர் ஜோ ரைட். அதுதான் அவருடைய முதல் சினிமா. இதில் வரும் மெக்ஃபேடியன் வேறு மாதிரி டார்சி. கூட்டத்தைக் கண்டால் ஒடுங்குகிறார், பேச வாய் திறந்து பாதியில் விழுங்குகிறார். 'பாவம், பேசத் தெரியாதவர். அதைப்போய் எல்லோரும் கர்வம் என்று நினைத்துவிட்டார்கள்' என்று இளையவர்கள் உருகுவது இவருக்காகத்தான்.

எதிர்க்கட்சியின் கேள்வி நியாயமானது. டார்சி வெறும் கூச்ச சுபாவி என்றால், தலைப்பில் இருக்கும் 'ப்ரைட்' எங்கே போனது? அப்போது தப்பு முழுக்க எலிசபெத் தலையில் அல்லவா விழும்?

இதற்கு ஆஸ்டினே ஒரு காட்சியில் பதில் வைத்திருக்கிறார். எலிசபெத் பியானோ முன் உட்கார்ந்திருக்கும்போது, முன்பின் தெரியாதவர்களிடம் சகஜமாகப் பேசும் திறமை தனக்கு இல்லை என்கிறான் டார்சி. தன் விரல்களும்தான் இந்தப் பியானோவில் சரளமாக ஓடவில்லை, அதற்குக் காரணம் தான் பயிற்சி செய்யாததுதான் என்று அவள் பதில் கொடுக்கிறாள். கூச்சம் இருக்கலாம். ஆனால், அதைச் சரிசெய்ய முயற்சி எடுக்காமல் இருக்கும் வசதி பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்பது அந்தப் பதிலின் சாரம். அவன் முதல்முறை காதலைச் சொல்லும்போதும், அவள் குடும்பம் எவ்வளவு தாழ்வானது என்பதைத்தான் விலாவாரியாகச் சொல்கிறான். அது கூச்சத்தில் வரும் பேச்சு அல்ல.

அந்த முதல் புரபோசல் நாவலிலும் தொடரிலும் ஒரு வீட்டு அறைக்குள் நடக்கும். ஜோ ரைட் அதைக் கொட்டும் மழைக்கு நடுவே ஒரு கல் மண்டபத்துக்குக் கொண்டுபோனார். 'இது தேவையில்லாத டிராமா' என்று தொடர் கட்சி முகம் சுளிக்கும். மழையில் காதல் சொல்லும் காட்சிகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியாது. நாம் எந்தக் கட்சி என்று சொல்லவும் வேண்டுமா?

சண்டை 2: வீட்டுக்குள் பன்றி வரலாமா?

எலிசபெத்தாக நடித்தவர்களிலும் போட்டி உண்டு. தொடரில் நடித்த ஜெனிஃபர் ஈலிக்கு பாஃப்டா விருது கிடைத்தது. படத்தில் நடித்த கீரா நைட்லிக்கு ஆஸ்கர் நாமினேஷன் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20. நாவலில் எலிசபெத்தின் வயதும் அதுவே.

ஜெனிஃபர் ஈலி கண்ணாலேயே கிண்டல் செய்துவிட்டு, வாயால் மரியாதையாகப் பேசுவார். கீரா நைட்லி கலைந்த தலையோடு, சேறு பட்ட பாவாடையோடு, நினைத்ததைப் பட்டென்று சொல்வார். 'இவர் அந்தக் காலத்துப் பெண் மாதிரியே இல்லை' என்பது ஒரு தரப்பு. 'இவரைப் பார்த்த பிறகுதான் அந்தக் கதை எனக்கும் நெருக்கமானது' என்பது மறு தரப்பு.

படத்தில் பென்னட் வீட்டைச் சுற்றி வாத்தும் கோழியும் திரியும். ஒரு காட்சியில் பெரிய பன்றி ஒன்று வீட்டு நடைவழியிலேயே போகும். 'பென்னட்டின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது வசதியான குடும்பம். அந்த வீட்டில் பன்றிக்கு என்ன வேலை?' என்று நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள் கேட்பார்கள். கணக்கு சரிதான். ஆனால், அந்த மண்ணையும் மாட்டையும் பார்க்கும்போதுதான் கைவிட்டுப் போகப்போகும் சொத்து என்பது வெறும் காகிதம் இல்லை, இவர்கள் தினமும் மிதித்து நடக்கும் நிலம் என்பது நமக்கு உறைக்கிறது.

சண்டை 3: அந்த அம்மா வில்லியா?

எனக்குப் பிடித்த சண்டை இதுதான். பென்னட் அம்மாவைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். 'என் நரம்பு தாங்காது' என்று புலம்புவார், விருந்துகளில் மகள்களின் வருங்கால மாப்பிள்ளைகளைப் பற்றிச் சத்தமாகப் பேசி மானத்தை வாங்குவார். தொடரில் ஆலிசன் ஸ்டெட்மேன் கீச்சுக் குரலில் வீட்டையே இரண்டாக்குவார். 'ஓவர் ஆக்டிங்' என்று சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். 'நாவலில் இருக்கும் அம்மா அச்சு அசல் இவர்தான்' என்று சிலர் கைதட்டுவார்கள்.

படத்தில் பிரெண்டா பிளெத்தின் கொஞ்சம் நம் பக்கத்து வீட்டு அம்மா மாதிரி. எப்போதும் கல்யாணப் பேச்சுதானா என்று எலிசபெத் சலித்துக்கொள்ளும் இடத்தில், உனக்கும் ஐந்து பெண்கள் பிறக்கட்டும், அப்போது தெரியும் என்ற அர்த்தத்தில் அவர் சொல்லும் பதில், அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்தவர்களையும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

அந்த அம்மாவின் பதற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பென்னட்டின் நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி முன்னோர் காலத்திலேயே கட்டிவைக்கப்பட்டது. அவர் நினைத்தாலும் உயில் எழுதி மகள்களுக்குக் கொடுக்க முடியாது. ஒரு மகன் பிறந்து, வயது வந்ததும், அப்பாவும் மகனும் சேர்ந்து அந்தக் கட்டை உடைத்திருக்கலாம். 'எப்படியும் பையன் பிறப்பான்' என்ற நம்பிக்கையில் தம்பதி சேமிக்கவே இல்லை. வரிசையாக ஐந்தும் பெண். சேமிக்கலாம் என்று தோன்றியபோது காலம் கடந்துவிட்டது.

இது எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கதையிலேயே பெரிய திமிர்பிடித்தவரான லேடி கேத்தரினின் எஸ்டேட் அவருடைய ஒரே மகளுக்குத்தான் போகிறது. பெண்களைத் தள்ளிவைத்துச் சொத்தைக் கட்டிவைக்க வேண்டிய தேவை என்ன என்று அந்த லேடி கேத்தரினே கேட்கிறார். ஆஸ்டினின் குறும்பைப் பாருங்கள், கதையின் நியாயமான கேள்வி ஒன்றை வில்லி வாயில் வைத்திருக்கிறார்!

சரி, அப்பா இறந்தால் எலிசபெத்துக்கு என்ன கிடைக்கும்? அம்மாவின் காலத்துக்குப் பிறகு 1,000 பவுண்டு. நான்கு சதவிகித வட்டியில் ஆண்டுக்கு 40 பவுண்டு. இதை நமக்குச் சொல்வது யார் தெரியுமா? அவளைப் பெண் கேட்டு வரும் காலின்ஸ். காதலைச் சொல்லும்போதே, உன் கையில் இவ்வளவுதான் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு உனக்கு இன்னொரு வரன் வருவது சந்தேகம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இந்தப் பக்கம் ஆண்டுக்கு 40 பவுண்டு, அந்தப் பக்கம் டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. 250 மடங்கு வித்தியாசம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மறுபடி அந்த அம்மாவைப் பாருங்கள். வீட்டில் வருங்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். செய்த விதம் தப்பு, கவலை தப்பில்லை. அப்பாவோ புத்தக அறைக்குள் உட்கார்ந்து மனைவியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். படத்தில் டொனால்ட் சதர்லேண்ட் அவரை ஈரக் கண்களோடு பாசமான அப்பாவாக்கிவிட்டார் என்பதால், அவர் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை. நாவலில் அவருடைய அலட்சியத்தை எலிசபெத்தே உணர்ந்து வருந்துகிறாள். அப்பாவை மன்னித்து அம்மாவை மட்டும் கேலி செய்வது கதையின் தப்பா, பார்க்கும் நம் தப்பா?

சண்டை 4: ஷார்லட் செய்தது சரியா?

எலிசபெத், காலின்ஸை மறுத்துவிடுகிறாள். அவனைக் கட்டிக்கொண்டால் வீடு மிஞ்சும், அம்மாவும் தங்கைகளும் தெருவுக்கு வர வேண்டியதில்லை. ஆனாலும் முடியாது என்கிறாள். மூன்றே நாளில் இரண்டு பெண்களைக் கேட்டுவிடுகிறார் காலின்ஸ். இரண்டாவது பெண் சம்மதிக்கிறாள். அவள் எலிசபெத்தின் உயிர்த்தோழி ஷார்லட் லூகஸ். வயது 27.

இந்த இடத்தில்தான் பார்வையாளர்கள் நிஜமாகவே பிரிகிறார்கள். 'தோழி வேண்டாம் என்று தூக்கிப்போட்ட ஆளை, அதுவும் மதிக்கவே முடியாத ஒருவரை, வீட்டுக்காகக் கட்டிக்கொண்டாளே' என்பவர்கள் ஒரு பக்கம். 'அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது?' என்பவர்கள் மறு பக்கம்.

தொடரில் ஷார்லட்டாக வரும் லூசி ஸ்காட், தான் ரொமான்டிக் ஆள் இல்லை, தனக்கு வேண்டியது ஒரு நல்ல வீடு மட்டும்தான் என்று நிதானமாகச் சொல்கிறார். அழுகை இல்லை. அந்த நிதானமே சிலருக்குக் கசக்கிறது. படத்தில் கிளாடி பிளேக்லி வேறு மாதிரி. ஊஞ்சலில் இருக்கும் எலிசபெத்தைத் தேடிவந்து விஷயத்தைச் சொல்கிறார். எலிசபெத் முகத்தில் அதிர்ச்சியைப் பார்த்ததும் உடைகிறார். வயது ஏறிவிட்டது, பணம் இல்லை, பெற்றோருக்குப் பாரமாகிவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறார். என்னை எடைபோட உனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். படத்தைப் பிடிக்காதவர்கள்கூட இந்த ஒரு காட்சியை விட்டுக்கொடுப்பதில்லை.

'27 வயதாகிவிட்டது' என்பது இன்றும் ஒரு வீட்டில் என்ன மாதிரி ஒலிக்கும் என்று இருபதுகளில் இருக்கும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் ஷார்லட் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டை எப்படி நடத்துகிறாள் என்பதையும் கவனியுங்கள். கணவர் அடிக்கடி எட்டிப் பார்க்காத ஓர் அறையைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவைக்கிறாள். சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும், ஒரு நாளில் கணவரைப் பார்க்காத மணி நேரங்களை எண்ணி வாழும் வாழ்க்கை இது என்பது புரியும். ஆஸ்டின் அவளைத் தண்டிக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை.

அவரால் அப்படி எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம். 1802-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஹாரிஸ் பிக்-விதர் என்ற இளைஞர் ஆஸ்டினிடம் திருமணம் பற்றிப் பேசினார். பெரிய எஸ்டேட்டின் வாரிசு. சம்மதித்திருந்தால் ஆஸ்டினின் குடும்பத்துக்கே கவலை இல்லை. அன்று மாலை அவர் சம்மதித்தார். மறுநாள் காலை 'முடியாது' என்று சொல்லிவிட்டார். அவருடைய 27-வது பிறந்தநாளுக்கு அப்போது இரண்டே வாரங்கள் இருந்தன!

கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1805-ல் அப்பா இறந்த பிறகு, அம்மாவும் இரு மகள்களும் சகோதரர்களின் உதவியை நம்பி வாழ்ந்தார்கள். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் உரிமையை அவர் பதிப்பாளருக்கு விற்றது 110 பவுண்டுக்கு. ஆக, ஒரே இரவில் ஷார்லட்டின் பதிலையும் எலிசபெத்தின் பதிலையும் சொல்லிப் பார்த்தவர் அவர். அதனால்தான் இரண்டு பெண்களையும் அவரால் சமமாகப் பார்க்க முடிந்ததோ என்னவோ.

சண்டை 5: லிடியாவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கடைக்குட்டி லிடியா ராணுவ அதிகாரி விக்கமுடன் ஓடிப்போகிறாள். பல வருடங்களாகப் பார்வையாளர்களுக்கு அவள் காமெடி கேரக்டர்தான். சீருடையைக் கண்டாலே சிரித்து ஓடும் பெண், பட்டும் திருந்தாதவள்.

ஆனால், இன்று பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அவள் வயதைத்தான். ஓடிப்போகும்போது அவளுக்கு வயது 16. கதை தொடங்கும்போது 15. விக்கமோ ஏறக்குறைய டார்சியின் வயதுக்காரன், டார்சிக்கு 28. தொடரில் லிடியாவாக நடித்த ஜூலியா சவாலா அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். அதனால், இது ஒரு சிறுமியின் கதை என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. படத்தில் நடித்த ஜெனா மலோன் 19 வயதுக்காரர். குழந்தைத்தனம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால், கதை ஓடும் வேகத்தில் அவள் நிலையை யோசிக்க நேரம் கொடுக்காமல் படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

இதற்கு முன் விக்கம் குறிவைத்தது டார்சியின் தங்கை ஜார்ஜியானாவை. அவளுக்கும் அப்போது 15 வயதுதான். கையில் 30,000 பவுண்டு சொத்து. அண்ணன் சரியான நேரத்தில் வந்ததால் தப்பித்தாள். லிடியாவிடம் பணம் இல்லை, அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமே விக்கமுக்கு இல்லை. கடைசியில் அவனுடைய 1,000 பவுண்டுக்கும் மேற்பட்ட கடனை அடைத்து, அவளுக்கு இன்னொரு 1,000 பவுண்டு எழுதிவைத்து, அவனுக்கு ராணுவத்தில் பதவியும் வாங்கிக் கொடுத்துத்தான் டார்சி அந்தக் கல்யாணத்தை முடிக்கிறான்.

நாவலிலும் திரையிலும் இது டார்சியின் நல்ல மனசுக்குச் சாட்சி. எலிசபெத் அவனை நேசிக்க அதுவும் ஒரு காரணம். பணக்கார வீட்டுப் பெண் அந்த ஆளிடமிருந்து காப்பாற்றப்பட்டாள். பணமில்லாத வீட்டுப் பெண் அதே ஆளுக்கு மனைவியாக்கப்பட்டாள். 'அக்காக்களுக்கு வரன் வர வேண்டுமே, வேறு வழியில்லை' என்பது அந்தக் காலத்துப் பதில். அது எங்கேயோ கேட்ட பதில் மாதிரி இருக்கிறது இல்லையா?

ஒரு முத்தம், இரண்டு க்ளைமாக்ஸ்!

2005 படத்தின் முடிவு நாட்டுக்கு நாடு வேறு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் வெளியான பிரதியில், கல்யாணத்துக்குப் பிறகு பெம்பர்லி மாளிகையில் இருவரும் கொஞ்சிப் பேசி முத்தமிடும் காட்சி உண்டு. பிரிட்டனில் வெளியானபோது அது இல்லை. மகளின் மனசைத் தெரிந்துகொண்ட அப்பா சிரித்துக்கொண்டே அழுவதோடு படம் முடிந்துவிடும்.

'ஆஸ்டின் கதையில் முத்தமா?' என்று கோபித்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம். 'இவ்வளவு நேரம் காத்திருந்த எங்களுக்கு ஒரு முத்தம்கூடக் கிடையாதா?' என்பவர்கள் மறு பக்கம். எந்தப் பிரதியை முதலில் பார்த்தீர்களோ, அதுதான் உங்களுக்குச் சரியான முடிவாகத் தோன்றும்.

நம்ம ஊருக்கு வந்த ஆஸ்டின்

ஆஸ்டினின் கதை நமக்குப் புதிதில்லை. 2000-ல் ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைத் தழுவியது. தாத்தாவின் உயிலால் மாளிகையை இழந்து, அம்மாவும் பெண்களும் சென்னைக்குக் கிளம்பி வரும் காட்சிகளை நாம் அந்நியமாக நினைக்கவே இல்லை. அதில் தங்கையாக நடித்த ஐஸ்வர்யா ராய்தான், 2004-ல் குரிந்தர் சதா இயக்கிய 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' தழுவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தின் கதாநாயகி. தலைப்பில் குழப்பம் வேண்டாம், இந்த 'பிரைட்' மணப்பெண்! அமிர்தசரஸில் நடக்கும் அந்தக் கதையில், டார்சி ஓர் அமெரிக்கப் பணக்காரர். அங்கே மோதல் இரு நாட்டுக்காரர்களின் முன்முடிவுகளுக்கு இடையே நடக்கிறது.

சொத்து யாருக்கு, கல்யாணம் எதற்கு என்ற இரண்டு கேள்விகளும் இருக்கும்வரை ஆஸ்டினை எந்த ஊரிலும் எடுக்கலாம் என்பதற்கு இந்த இரண்டு படங்களே போதும்.

சரி, எதைப் பார்ப்பது?

முதல்முறை இந்த உலகத்துக்குள் நுழைகிறீர்கள் என்றால், 2005 படத்தில் தொடங்குங்கள். விடியற்கால வெளிச்சம், டாரியோ மரியனெல்லியின் பியானோ இசை, இரண்டு மணி நேரத்தில் முழுக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

பிடித்துவிட்டால் 1995 தொடருக்குப் போங்கள். ஆறு பாகம் என்பதால் ஒவ்வொரு கேரக்டருக்கும் மூச்சுவிட நேரம் இருக்கிறது. கடிதங்கள், கணக்குகள், காலின்ஸின் நீண்ட பேச்சுகள் எல்லாம் முழுசாக வரும். எலிசபெத் மனசு மாறுவதை நாம் கூடவே இருந்து பார்க்கலாம். படத்தில் அந்த மாற்றம் அழகாக இருக்கும், ஆனால் கொஞ்சம் அவசரமாக நடக்கும்.

என் ஓட்டைக் கேட்டால், டார்சிக்குத் தொடர், ஷார்லட்டுக்குப் படம். கர்வம் இருந்தால்தான் டார்சி திருந்துவதற்கு மதிப்பு. பயம் தெரிந்தால்தான் ஷார்லட் எடுத்த முடிவுக்கு அர்த்தம். எலிசபெத்தின் தைரியமும் ஷார்லட் இல்லாமல் முழுசாகப் புரியாது. ஆண்டுக்கு 40 பவுண்டுதான் கையில் இருக்கும் என்று தெரிந்தும் அவள் இரண்டு முறை 'முடியாது' என்றாள். காலின்ஸுக்கு ஒருமுறை, 10,000 பவுண்டு டார்சிக்கு ஒருமுறை. இரண்டாவது வாய்ப்பு அவளைத் தேடி வந்தது. ஷார்லட்டுக்கு அப்படி எதுவும் வராது என்று அவளுக்கே தெரியும். ஒருத்திக்குத் தைரியம், ஒருத்திக்குக் கோழைத்தனம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாத இடம் அது.

அடுத்த சண்டைக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் ஆறு பாகங்களாகப் புதிய 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' எடுப்பதாக 2025-ல் அறிவித்தது. டாலி ஆல்டர்டன் எழுத்தில் எம்மா கோரின் எலிசபெத், ஜாக் லோடன் டார்சி, ஒலிவியா கோல்மன் அம்மா. எல்லோரும் டார்சியைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் அந்த அம்மாவையும் ஷார்லட்டையும் எதிர்பார்க்கிறேன்.

நீங்கள் எந்தக் கட்சி மக்களே? ஈரச்சட்டையா, மழையா? அதைவிட முக்கியமாக, ஷார்லட் உங்கள் தோழியாக இருந்திருந்தால், அந்த ஊஞ்சல் பக்கத்தில் வைத்து அவளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?